துண்டுச்சீட்டு சுதாராணி

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுக்க வந்த ரோகிணி மிஸ், வந்த முதல் மாதமே ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். எழுதிய கட்டுரையை நேராக மிஸ்ஸிடம் கொடுக்கக் கூடாது. ஜோடியாகப் பிரித்துவிட்டிருப்பார்; ஜோடியிடம் கொடுக்க வேண்டும். அந்த ஜோடிதான் சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும். அதைப் பார்த்து மறுபடி எழுதி, பிறகுதான் மிஸ் மேஜைக்குப் போக வேண்டும். எழுதியவருக்கு இருபது மதிப்பெண், திருத்தியவருக்குப் பத்து.

"முப்பத்தெட்டு நோட்டையும் நானே திருத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்ப்பா. ஒருத்தருக்கொருத்தர் ஹெல்ப் பண்ணுங்க. ரெட் பென், நீட்டா, ஓகேவா?" என்றார். அந்த 'ஓகேவா' மூக்கிலிருந்து கிளம்பித் தொண்டையில் முடியும். மதிய மணி அடிப்பதற்குள் அதை நான் பிடித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் நான் 'ஓகேவா' என்றதும் பின்னால் இருந்த கோகுல் பதறி எழுந்து நின்றதை வைத்தே, சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் எனக்கு அதுதான் வேலை. அப்பா வட்டக்கானலில் நாலு அறை வைத்து விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். எத்தனையோ நாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு என் நாக்கு எப்படி வேண்டுமானாலும் வளையும். அறை விளம்பரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பேசியில் ஏற்றுவதும் நான்தான். அதனால் ஆங்கிலத்தில் நான் புலி என்று வகுப்பில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதும் நான்தான்.

முதல் கட்டுரைக்கு என் ஜோடியாக வந்தவள் சுதாராணி. மூன்றாவது பெஞ்சு, சுவர் ஓரம். அட்டுவம்பட்டியிலிருந்து கீழே இறங்கும் சரிவில் பதினோரு வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். அதில் கடைசி வீட்டுப் பெண். அந்தப் பதினோரு குடும்பமும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவை. அவள் பேச்சிலும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். டீயைத் தேத்தண்ணி என்பாள். நாங்கள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாளும் தேத்தண்ணி என்றே சொல்வாள்.

'மறக்க முடியாத நாள்' என்று ஒரு கட்டுரை. வட்டக்கானலில் மேகம் இறங்கி வழி தெரியாமல் தவித்த இரண்டு விருந்தாளிகளை நான் கண்டுபிடித்து அழைத்து வந்ததாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மேகம் மலையை முத்தமிட்டது, மரங்கள் கிசுகிசுத்தன என்றெல்லாம் ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். அவள் இருபது நிமிடம் படித்தாள். நோட்டு திரும்பி வந்தபோது ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. நடுவில் ஒரு துண்டுச்சீட்டு. பழைய நோட்டின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலில், தமிழில் எழுதியிருந்தாள்.

'மேகம் எறங்குனப்ப நீ எங்க நின்ன? அவங்களக் கூப்ட்டப்ப என்ன சொல்லிக் கூப்ட்ட? பேரு தெரியுமா? ஒனக்குப் பயமா இருந்துச்சா?'

அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. உண்மையில் அவர்களைத் தேடிப் போனது எங்கள் அம்மா. நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இவள் எப்படி அந்த இடத்திலேயே விரலை வைத்தாள் என்று தெரியவில்லை.

மிஸ் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"சுதாராணி, வாட் இஸ் திஸ்? ஒரு மிஸ்டேக்கூடவா ஒனக்குத் தெரியல?"

"தெரிஞ்சுச்சு மிஸ். மூணு எடத்துல தப்பு இருக்கு."

"அப்பறம் ஏன் மார்க் பண்ணல?"

"அது அவன் தாளு மிஸ்."

"அதுக்கு?"

"அவந்தான மிஸ் அதுல எழுதணும்."

மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தார். பத்துக்கு இரண்டு போட்டார். அந்த இரண்டும் கையெழுத்துக்காக என்று பிறகு சொன்னார். இடைவேளையில் நான் சுவர் ஓரம் ஒடுங்கி நின்று, குரலைச் சன்னமாக்கி, "அது அவன் தாளு மிஸ்ஸு…" என்று இழுத்தேன். பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். அன்றைக்கே 'துண்டுச்சீட்டு' என்று பெயரும் வைத்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஏலே அஜய், என் சத்தம் அவ்வளவு கீச்சுன்னா இருக்கு?" என்று கேட்டாள். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அடுத்த முறை அவளுக்கு ஜோடி கோகுல். வடகவுஞ்சிக்காரன். அவன் அப்பா நல்லசாமிக்குப் பூண்டும் பீன்ஸும் விவசாயம். 'எங்கள் ஊர்த் தொழில்' என்ற தலைப்புக்கு ஐந்தே வரி எழுதியிருந்தான். இந்தியா ஒரு விவசாய நாடு என்று முதல் வரி. விவசாயியே நாட்டின் முதுகெலும்பு என்று கடைசி வரி. நடுவில் இருந்ததும் அதே ரகம். அவனுக்கும் ஒரு துண்டுச்சீட்டு போயிற்று.

'பூடு எந்த மாசம் புடுங்குவீங்க? யாரு யாரு புடுங்குவாங்க? புடுங்குன கை சோறு திங்கறப்ப நாறுமா?'

கோகுல் என்னிடம் வந்து குமுறினான். "ஏண்டா, இவளுக்கு இங்கிலீசு தெரியாதுங்கிறதுக்காக இப்பிடியாடா கேட்டுக்கிட்டுக் கெடப்பா? கை நாறுமாம்ல! நாறாம?"

"அத எழுதித் தொலைடா" என்றேன்.

எழுதினான். இரண்டு பக்கம் போயிற்று. பறித்த பூண்டை அதன் தண்டோடு முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுவது, புகை ஏறி அது நிறம் மாறுவது, வீடு முழுக்க அந்த வாடை, பள்ளிக்கூடச் சட்டையிலும் அதே வாடை, பஸ்ஸில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காருவது என்று எல்லாம் வந்தது. இலக்கணம் பல இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் மிஸ் அதை இரண்டாம் தடவையும் படித்தார். கோகுலுக்குப் பதினாறு. அவன் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் வாங்கிய பெரிய மதிப்பெண் அதுதான். திருத்திய சுதாராணிக்கு மூன்று.

பிறகு பிரியாவும் மதனும்கூட மிஸ்ஸிடம் போய், அவளையே ஜோடியாகப் போடச் சொல்லிக் கேட்டார்கள். "வெரசா மார்க் வேணும்னா அஜய்கிட்டப் போ, நெசமா எழுதணும்னா சுதாகிட்டப் போ" என்று பிரியா சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆகஸ்டில் அலுவல் கடிதம் என்ற பாடம் வந்தது. உங்கள் பகுதிக் குறை ஒன்றை விளக்கி அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுக. வகுப்பில் பாதிப் பேர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினார்கள். மதன் பஸ் நிறுத்தத்துக்குக் காட்டுமாடு வருகிறது என்று எழுதிவிட்டு, அதை விரட்டும் வழியையும் அவனே சொல்லியிருந்தான். இந்த முறை சுதாராணியின் தாள் என்னிடம் வந்தது.

சின்னச் சின்ன வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'என் அப்பா பெயர் வீரையா. அவர் இலங்கையில் பிறந்தார். ஏழு வயதில் கப்பலில் வந்தார். இந்த வீட்டில் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறார். எங்களுக்குப் பட்டா இல்லை. முதல் மனுவில் அவர் இங்கே பிறந்தவர் என்று எழுதியிருக்கிறது. அது உண்மை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. வேறு ஒருவர் எழுதினார். வீட்டின் பின்சுவர் உப்பி நிற்கிறது. தயவுசெய்து வந்து பாருங்கள்.'

எனக்கு இது கடிதம் மாதிரியே படவில்லை. இதில் ஒரு அலங்காரமும் இல்லையே என்று சிவப்புப் பேனாவைத் திறந்தேன். என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடு என்ற சொல்லைப் பார்த்தால் அது விளம்பரம் எழுத ஆரம்பித்துவிடும். வட்டக்கானல்காரன் கை அப்படித்தான். அவள் வீட்டை, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அமைந்த அழகிய சிறு குடில் ஆக்கினேன். சுற்றிலும் பசுமை சேர்த்தேன். இலங்கை வரியை அடித்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக இந்த மலையின் மடியில் வாழ்கிறோம் என்று போட்டேன். அந்த இடத்தில் அது பொருத்தமாக ஒலித்தது. சுவர் உப்பியது கடைசியில் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது.

மிஸ் என் திருத்தத்தை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். "சீ, ஹவ் ப்யூட்டிஃபுல்! இப்பிடித்தான் ஒருத்தர ஒருத்தர் இம்ப்ரூவ் பண்ணணும்." எனக்குப் பத்துக்குப் பத்து. கைதட்டினார்கள். நான் எழுந்து, விமான நிலையத்தில் இறங்கிய பிரமுகர் மாதிரி கையசைத்தேன்.

சுதாராணி கைதட்டவில்லை. மறுநாள் திருத்தப்பட்ட கடிதத்தைப் பார்த்து எழுதித் தரவேண்டும் அல்லவா, அவள் தன் பழைய கடிதத்தையே சுத்தமாக எழுதிக் கொடுத்தாள்.

"அவனோட கரெக்‌ஷன் எதையுமே எடுத்துக்கலையா நீ? அத அப்பிடியே எழுதிருந்தா பத்தொம்பது போட்ருப்பேன்" என்றார் மிஸ்.

"நல்லாத்தான் மிஸ் எழுதிருக்கான். ஆனா அது நாங்க இல்ல மிஸ்."

பதினொன்று கிடைத்தது. வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் என் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது.

'எங்க வீட்டுல இருந்து பள்ளத்தாக்கு தெரியாது. பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவுல ஒரு மொழம்தான் எடம். நீ எங்க வீட்டுக்கு வந்துருக்கியா?'

வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அந்தப் பதினோரு வீட்டுக்கும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொன்ன பழக்கத்தில், அவர்கள் லயம் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். முதல் பத்து வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டது. சிலர் மேலே கான்கிரீட்கூடப் போட்டிருந்தார்கள். கடைசி வீடு மட்டும் தகரமும் மண்ணுமாக இருந்தது. சுதா என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். சொன்னது சரிதான், ஒரு முழம். ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து மண் சரிந்து சுவரில் சாய்ந்திருந்தது. சுவர் வயிறு மாதிரி உள்பக்கம் உப்பியிருந்தது.

"இதுக்கு அந்தப் பக்கம்தான் நானும் அம்மாவும் படுக்கிறது" என்றாள். "பட்டா இருந்தா வீடு கட்ட எழுதிப் போடலாம். இல்லாம ஒரு கல்லுகூட வைக்க முடியாதுன்னுட்டாங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் வந்துருக்குல்ல?"

அதற்கு அவள் அப்பாதான் பதில் சொன்னார். வீரையாவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. காரட் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து யாரோ வந்து மனு எழுதிக் கொடுத்த நாளில் அவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லோடு போயிருந்தார். திரும்பி வந்து, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் மனு எழுதும் வேலப்பன் என்பவரிடம் போனார்.

"நா சொல்லுறதுக்கு முன்னாடியே அவரு எழுத ஆரம்பிச்சிட்டாரு தம்பி. இலங்கைன்னு போட்டாச் சிக்கலு, இங்கயே பொறந்ததாப் போட்டுருவோம்னாரு. பெரிய எழுத்துக்காரரு சொல்லுறாரேன்னு நானும் கையெழுத்தப் போட்டேன். கூட வச்சது கப்பல்ல வந்தப்ப குடுத்த காயிதம். அதுல பொறந்தது இலங்கையில நுவரெலியாப் பக்கம்னு இருக்கு. மனுவுல பரம்பர பரம்பரையா இந்த மலைன்னு இருக்கு. விசாரணையில கூப்ட்டு, 'இதுல எதுய்யா பொய்யி?'ன்னு கேட்டாங்க. எழுதுனது அவரு, கையெழுத்து மட்டுந்தான் நானுன்னேன். சிரிச்சிட்டாங்க தம்பி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையின் மடியில் தலைமுறை தலைமுறையாக. என் வரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலப்பன் எழுதியதையே நான் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

புது மனு போட ஒரு வாய்ப்பு இருந்தது. இதுவும் திரும்பினால் அப்புறம் அந்தக் கோப்பை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்களாம். சுதா ஒரு நோட்டை அப்பா மடியில் வைத்து, பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள்.

"நா எழுதவா? என் எழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கும் புள்ள."

"இருக்கட்டும். நீயே சொல்லி நீயே எழுது."

வீரையா தொண்டையைச் செருமினார். "ஐயா அவர்கள் சமூகத்துக்கு, நாங்கள் மிகவும் நலிவடைந்த குடும்பம், தங்கள் பொற்பாதம்…"

"அப்பா. அது வேலப்பன் மாமா பேசுறாரு. நீ சொல்லு."

"எனக்கு வேற என்னா தெரியும்?"

"எந்த வருசம் வந்த?"

"எம்பத்திரெண்டு."

"கப்பல்ல இருந்து எறங்குன அன்னைக்கு என்ன தின்ன?"

"இதையெல்லாம் எழுதச் சொல்லுறியா?"

"எழுத இல்லப்பா. ஞாபகம் வரட்டும்னு."

அவர் யோசித்தார். "மண்டபத்துல முகாமுல பொட்டலம் குடுத்தாங்க. எங்கப்பா தின்னல. எனக்கே குடுத்திட்டாரு." அதன் பிறகு கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. சவுக்கு வெட்ட மலைக்குக் கூட்டி வந்தது, இந்தச் சரிவில் எந்த வருடம் கூரை போட்டது, அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். இலங்கை என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"இத எழுதினா, அப்ப அங்கயே போன்னு சொல்லிப்புட்டாங்கன்னா?"

சுதாவின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எழுதாமயுந்தானப்பா குடுக்கல" என்றாள் சுதா.

வீரையா மகளை ஒருமுறை பார்த்தார். எழுதினார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சுதா, நா எதாச்சும் செய்யட்டா?"

"திருத்த மட்டும் செய்யாத" என்றாள். பிறகு சிரித்து, "ஒனக்குத்தான் எல்லார் சத்தமும் வருமே. ஆபீஸர் மாதிரி கேளு. எங்கப்பாவுக்கு அந்தச் சத்தத்தக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கும். பழகட்டும்" என்றாள்.

அந்த வேலை எனக்கு வரும். நாற்காலியில் சாய்ந்தேன். இருமினேன். "யாருய்யா வீரையா? ம்? எங்க பொறந்த? ம்? என்ன ஆதாரம்? ம்?" என்று ஒவ்வொரு 'ம்'முக்கும் புருவத்தைத் தூக்கினேன். முதல் தடவை வீரையா நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் தடவை உட்கார்ந்தபடி பதில் சொன்னார். நாலாம் தடவை, "ஐயா மொதல்ல அந்த இருமலுக்கு மருந்து சாப்புடுங்க" என்றார். சுதாவின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபரில், மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, வருவாய் ஆய்வாளர் சண்முகராஜ் அந்தப் புது மனுமேல் விசாரணைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் வெள்ளனே போய்விட்டேன். சண்முகராஜ் கெட்ட மனிதர் இல்லை. பின்பக்கம் தானே ஒருக்களித்து நுழைந்து, சட்டையில் மண் அப்பிக்கொள்ளச் சுவரைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள், யாருக்குத் தெரியும்? நான் கேட்ட அதே கேள்விகள். ஆனால் அவர் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது; என் ஆபீஸர் இவரைவிட நன்றாக இருமினார். வீரையா தடுமாறவில்லை. நுவரெலியா என்றார், கப்பல் என்றார், எண்பத்திரண்டு என்றார்.

சண்முகராஜ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மடமடவென்று வாக்குமூலத்தை எழுதினார். அவருக்கு அன்று இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, "இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

வீரையா பேனாவை வாங்கினார். வாங்கிய வேகத்திலேயே குனிந்தார். பல வருடப் பழக்கம் அது.

"சார், ஒருதடவ படிச்சுக்கட்டுமா?" என்றாள் சுதா.

"நாந்தானம்மா எழுதிருக்கேன். அவரு சொன்னதுதான்."

"ஒரே நிமிசம் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தாளைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது. பாதியில் கண் நின்றது. மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு உள்ளே போய், நோட்டின் ஓரத்தைக் கிழித்து இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். சுதா, வாயால் சொல்லேன் என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஆபீஸருக்குப் போய்த் துண்டுச்சீட்டா?

அவர் வாங்கிச் சத்தமாகவே படித்தார். "எங்கப்பா ஏழு வயசுல கப்பல்ல வந்தேன்னு சொன்னாங்க. நீங்க எழுதுன வாக்குமூலத்துல எங்க பொறந்துருக்காங்க?"

வீரையாவின் கையில் பேனா அப்படியே நின்றது. சண்முகராஜ் தாளைப் பார்த்தார். கோப்பைப் புரட்டினார். அதில் மேலே இருந்தது வேலப்பன் எழுதிய பழைய மனு. 'இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த' என்ற வரி அங்கிருந்து அப்படியே புதுத் தாளுக்கு இறங்கியிருந்தது. இன்னொரு முறை மனுவும் ஆதாரமும் முட்டியிருக்கும். இந்த முறையும் கீழே வீரையாவின் கையெழுத்து இருந்திருக்கும்.

"அட" என்றார். "பழசப் பாத்தே எழுதிக்கிட்டு வந்துருக்கேன்." கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். பேனாவை வீரையாவிடமிருந்து வாங்கி அவளிடம் நீட்டினார். "ஒன் கையெழுத்து அழகா இருக்கேம்மா. நீயே அத அடிச்சுட்டு மேல எழுதிரு. நா இனிசியல் போட்டுர்றேன்."

சுதா கையை நீட்டவில்லை.

"அது ஒங்க தாளு சார்."

எனக்கு அந்தக் குரல் தெரியும். எத்தனை தடவை பேசிக் காட்டியிருப்பேன்! ஆனால் கீச்சென்று இழுக்கிற குரல் இல்லை அது. இத்தனை நாளும் நான் தப்பாகத்தான் பேசிக் காட்டியிருக்கிறேன்.

சண்முகராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, மேலே திருத்தி எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். "இப்பப் போடலாமாய்யா?" என்று வீரையாவைக் கேட்டார்.

வீரையா பேனாவை வாங்கவில்லை. "ஐயா கோவிச்சுக்காம, மொத்தத்தையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டிருங்க. நா கேட்டுட்டுப் போடுறேன்."

அவர் வாசித்தார். முழுசாக, மெதுவாக. நுவரெலியா என்ற இடத்தில் வீரையா தலையை ஆட்டினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் பிரியாவின் கட்டுரைக்குச் சுதா ஒன்பது கேள்வி எழுதிக் கொடுத்தாள். பிரியாவுக்குப் பதினேழு, திருத்தியவளுக்கு வழக்கம்போல மூன்று. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா" என்றார் மிஸ், அவருக்கே கொஞ்சம் வருத்தமாக. அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் பாதி எழுந்தேன். முன் பெஞ்சிலிருந்த சுதா பெஞ்சுக்கடியில் என் காலை மிதித்தாள். அது அவள் கதை. சொல்வதானால் அவள்தான் சொல்ல வேண்டும் என்று அன்று உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். "எழுதிக்க. எங்கப்பா சொன்னத மாத்தாத" என்றாள்.

இந்த முறை மனு திரும்பி வரவில்லை; நில அளவையர் பிப்ரவரியில் வந்தார். பதினோராவது வீட்டுக்கு முன்னால் டேப்பைப் பிடித்து, நாலு மூலையிலும் கல் ஊன்றி, பின்பக்க மேட்டில் இரண்டடி சேர்த்து அளந்தார். பட்டா அச்சாகிக் கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார். வீரையா காலையிலிருந்து அவர் பின்னாலேயே நடந்தார். எல்லாம் முடிந்து அவர் டேப்பைச் சுற்றும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, இந்தக் கல்லுக்கு அங்கிட்டு யாரு எடம்?"

"கவர்மென்ட் எடம்."

"இங்கிட்டு?"

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "அதத்தானய்யா காலையில இருந்து அளந்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

வீரையா நகரவில்லை. "யாரு எடம்னு வாயால சொல்லுங்கய்யா."

அளவையர் டேப்பை நிறுத்தினார். வீரையாவைப் பார்த்தார், வாசலில் நின்ற சுதாவையும் அவள் அம்மாவையும் பார்த்தார்.

"ஒங்க எடம்யா" என்றார்.